ஒன்றின் மேல் ஒன்றாக வரும் ஆபத்துகள்: உலகப் பேரிடர்ப் பட்டியல்களின் கதை

1991ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் சுமார் 500 ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த பினட்டுபோ எரிமலை வெடித்தது. 20ஆம் நூற்றாண்டின் எரிமலை வெடிப்புகளில் அதற்குத்தான் இரண்டாவது இடம். அதே நாளில் யுன்யா என்ற சூறாவளி எரிமலைக்குப் பக்கத்திலேயே கடந்துபோனது. காற்றில் பறந்து பரவியிருக்க வேண்டிய சாம்பல், மழையில் நனைந்து ஈரச் சிமெண்ட் போலக் கூரைகள் மேல் படிந்தது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோரை நெருப்புக் குழம்பு தொடவே இல்லை. ஒண்டியிருந்த கட்டடத்தின் கூரையே அவர்கள் மேல் விழுந்தது.

இந்த மரணங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? எரிமலைக் கணக்கிலா, சூறாவளிக் கணக்கிலா? சூறாவளி வராமல் இருந்திருந்தால் கூரைகளில் பல நின்றிருக்கும். எரிமலை வெடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் புயலை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, அதே தீவை அதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன்பு, 1990 ஜூலை 16 அன்று, ஒரு பெரிய பூகம்பம் உலுக்கியிருந்தது. வெடிப்புக்குப் பிறகோ, ஒவ்வொரு மழைக்காலத்திலும் மலைமேல் கிடந்த சாம்பல் சேற்று வெள்ளமாக இறங்கி ஊர்களை மூடியது. ஒரே தீவு, ஒரே மக்கள்; பதிவேடுகள் மட்டும் நான்கு.

பார்ப்பதற்கு இது குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் எந்த ஊருக்கு எச்சரிக்கைக் கருவி போகும், எந்தக் கட்டடத்துக்கு என்ன விதி வரும், நிவாரண நிதி எங்கே சேரும் என்பதையெல்லாம் இந்தப் பதிவேடுகள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. உலகத்தின் ஆபத்துகளை ஒரே இடத்தில் தொகுக்கும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தனித்தனியாகத் தொடங்கிய பட்டியல்கள்

முதலில் வந்தவை பூகம்பப் பட்டியல்கள். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலட்டும் அவருடைய மகனும் 1850களில் 6,800க்கும் மேற்பட்ட பூகம்பங்களைத் தொகுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை, பழைய நூல்களிலும் பயணக் குறிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் தேடித் தேடி எழுதிய பட்டியல் அது. பிறகு மாலட் அந்தப் பூகம்பங்களை ஓர் உலக வரைபடத்தில் நிறத்தால் பூசினார். அதிகம் அதிர்ந்த இடத்துக்கு அழுத்தமான நிறம். பூகம்பங்கள் எங்கு வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கவில்லை, வரிவரியாகப் பட்டைகளில் வருகின்றன என்பது அந்த வரைபடத்தில் தெரிந்தது. அதற்கான காரணத்தை விளக்கும் தட்டுக் கொள்கை வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன. காரணம் தெரியாமலேயே பட்டியல் சரியான இடத்தைக் காட்டிவிட்டது!

மாலட்டின் பட்டியலில் ஒரு பெரிய குறை இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் வாழ்ந்த இடத்துப் பூகம்பங்கள்தான் அதில் இருக்க முடியும். இத்தாலியும் சீனாவும் அதில் நிறைய வரும். ஆள் இல்லாத கடலும், எழுத்து இல்லாத தீவுகளும் வரா. இந்தக் குறையைக் கருவிகளால் தீர்க்க முயன்றவர் ஜான் மில்ன். ஜப்பானில் சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1895இல் இங்கிலாந்து திரும்பிய அவர், வைட் தீவில் ஷைட் என்ற ஊரிலிருந்த தம் வீட்டையே உலகப் பூகம்ப அலுவலகமாக்கினார். சுமார் 40 நிலையங்களில் ஒரே மாதிரி பூகம்பமானிகள் வைக்கப்பட்டன. அவற்றின் பதிவுகள் தபாலில் ஷைட் வந்து சேர்ந்தன. இந்தியாவில் 1898இல் கல்கத்தா அலிப்பூரிலும் அடுத்த ஆண்டு பம்பாயிலும் கொடைக்கானலிலும் மில்ன் கருவி நிறுவப்பட்டது. யாருமே உணராத பூகம்பமும் பட்டியலில் ஏறிய காலம் அப்போதுதான் தொடங்கியது. மில்ன் தொடங்கி வைத்த வேலையைப் பின்னாளில் 1964இல் உருவான சர்வதேச நிலநடுக்கவியல் மையம் எடுத்துக்கொண்டது.

புயல்களின் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. கப்பல் தலைவராக இருந்து பிறகு கரையில் வேலை பார்த்த ஹென்றி பிடிங்டன், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்தார். எந்த நேரத்தில் எந்த இடத்தில் காற்று எந்தத் திசையில் வீசியது என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, வங்கக் கடல் புயல்கள் சுழன்று வருபவை என்று காட்டினார். 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கியவரும் அவரே. 1853இல் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, புயலோடு கடலும் உள்ளே வரும் என்று கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். அதையும் மீறிப் போர்ட் கேனிங் கட்டப்பட்டது. 1867இல் புயலும் கடல் நீரும் சேர்ந்து அதைச் சிதைத்தன. பிடிங்டன் 1858லேயே காலமாகிவிட்டார்.

இந்தக் கடிதத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பிடிங்டன் காற்றை மட்டும் சொல்லவில்லை. காற்றும் கடலும் தாழ்ந்த நிலமும் ஓரிடத்தில் சேருவதைச் சொன்னார். பல ஆபத்துகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் இன்றைய முறையின் விதை அதில் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பின் வந்த அறிவியல் வேறு பாதையில் போனது. பூகம்பத்துக்கு ஒரு துறை, வானிலைக்கு ஒரு துறை, எரிமலைக்கு ஒரு துறை என்று பிரிந்தது. 1951 முதல் எரிமலைகளுக்கென்று ஒரு சர்வதேசப் பட்டியல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பின்னர் அந்தப் பணியைத் தொடர்ந்தது. ஒவ்வொரு பட்டியலும் தன் அளவில் சிறப்பானதுதான். ஒன்றுக்கு மற்றது இருப்பதுகூடத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

மலையை விட்டு மனிதனை எண்ணியபோது

இதுவரை பார்த்த பட்டியல்கள் எல்லாம் இயற்கையை எண்ணியவை. மனிதர்களை எண்ணும் பட்டியல் வேறு ஆட்களிடமிருந்து வந்தது. ஒருவர் மருத்துவர், இன்னொருவர் காப்பீட்டுக்காரர்.

தொற்றுநோயியல் அறிஞர் மிஷெல் லெஷா 1973இல் பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் பேரிடர்களை ஆராயும் மையம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு நோய் யாரைத் தாக்குகிறது, எங்கே, ஏன் என்று கேட்பதுபோலவே பேரிடரைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த மையம் 1988இல் எம்-டாட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. 1900 முதல் உலகில் நடந்த பேரிடர்கள் அதில் ஏறின. இன்று அதில் 26,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் உள்ளன. இயற்கைச் சீற்றங்களோடு தொழிற்சாலை, போக்குவரத்து விபத்துகளும் அதில் அடக்கம். ஒரு நிகழ்வு அதில் இடம்பெற நான்கு நிபந்தனைகளில் ஒன்றாவது நிறைவேற வேண்டும்: 10 பேராவது இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது சர்வதேச உதவி கோரப்பட்டிருக்க வேண்டும்.

காப்பீட்டுக்காரர்களின் அக்கறை பணத்தில். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஜெர்மனியின் மியூனிக் ரீ நிறுவனம், 1978இல் உலக இயற்கை ஆபத்துகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பூகம்பம், புயல், எரிமலை என்று பல ஆபத்துகளை ஒரே சுவர்ப் படத்தில் போட்டது. நிறுவனத்தின் தேவை எளிமையானது. ஒரே நகரத்தில் பூகம்பக் காப்பீடும் புயல் காப்பீடும் விற்றிருந்தால், இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டிய நாள் வரலாம். அறிவியல் துறைகள் தனித்தனியாக இருந்த காலத்தில் ஆபத்துகளை ஒன்றாகப் பார்க்க வைத்தது கஜானா பற்றிய பயம்!

இதற்கிடையே ஐ.நா. சபை 1990 முதல் 1999 வரையிலான ஆண்டுகளை இயற்கைப் பேரிடர் குறைப்புப் பத்தாண்டு என்று அறிவித்தது. அதன் பயன்களில் ஒன்றாக 1992 முதல் 1999 வரை உலகப் பூகம்ப ஆபத்து வரைபடம் தயாரானது. பல நாட்டு விஞ்ஞானிகளும் ஒரே கேள்விக்கு ஒரே முறையில் விடை சொல்ல ஒப்புக்கொண்டதே அதில் பெரிய வெற்றி. அடுத்த 50 ஆண்டுகளில் பத்து சதவீத வாய்ப்புள்ள அளவில், இந்த இடத்தில் நிலம் எவ்வளவு வேகமாகக் குலுங்கும் என்பதே அந்தக் கேள்வி.

அளவுகோல்கள் ஒத்துப்போகவில்லை

பட்டியல்கள் தயார் என்றால் ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்க்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது.

புயலையே எடுத்துக்கொள்வோம். காற்றின் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் சில நிமிடங்களின் சராசரியைத்தான் எழுதுவார்கள். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரி எடுக்கின்றன. இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடம் எடுக்கிறது. உலக வானிலை அமைப்பின் பரிந்துரை பத்து நிமிடம். நேரம் நீள நீளச் சராசரி குறையும். ஆகவே ஒரே புயல் ஓர் ஏட்டில் வலுவானதாகவும் இன்னோர் ஏட்டில் சற்று மென்மையானதாகவும் தெரியும். எல்லா மையங்களின் புயல் பாதைகளையும் ஒரே தொகுப்பாக்கும் வேலை 2000களின் இறுதியில்தான் அமெரிக்காவில் ஒரு வடிவத்துக்கு வந்தது. அதிலும் வேகங்களை ஒன்றாக்கிவிடாமல், எந்த மையம் என்ன சொன்னது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இது ஒரே வகை ஆபத்துக்குள் இருக்கும் சண்டை. வகை மாறினால் இன்னும் சிரமம். எரிமலை வெடிப்பை 0 முதல் 8 வரை அளக்கும் குறியீட்டை நியூஹால், செல்ஃப் என்ற இருவர் 1982இல் வெளியிட்டார்கள். பினட்டுபோவுக்கு அதில் 6. (அந்த நியூஹால்தான் 1991இல் பினட்டுபோவைக் கண்காணிக்கச் சென்ற அமெரிக்கக் குழுவில் முக்கியமானவர் என்பது ஒரு சுவையான செய்தி.) பூகம்பத்துக்கு அதற்கென்று தனி அளவு. வறட்சிக்கு மழைக் குறைவு. வெள்ளத்துக்குப் பரப்பளவு. எரிமலையின் 6ஐயும் பூகம்பத்தின் 6ஐயும் கூட்டினால் 12 வரும், ஆனால் அதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

காலம் இன்னொரு தொல்லை. எரிமலைப் பட்டியல் பாம்பேய் நகரம் அழிந்த கி.பி. 79க்கும் பின்னால் போகும். செயற்கைக்கோள் வந்தபிறகுதான் புயல்களின் கணக்கு முழுமையானது. அமெரிக்காவின் டார்ட்மத் வெள்ள ஆய்வகத்தின் உலக வெள்ளப் பட்டியல் 1985இல் தொடங்குகிறது. ஒன்று பாட்டனின் நினைவு, இன்னொன்று பேரனின் நினைவு. இரண்டையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

ஆறு வரைபடங்கள் ஒன்றாக அடுக்கப்பட்டன

2005ஆம் ஆண்டு உலக வங்கியும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறை விடை சொன்னது. பூகம்பம், எரிமலை, நிலச்சரிவு, வெள்ளம், வறட்சி, சூறாவளி ஆகிய ஆறு ஆபத்துகளை அது எடுத்துக்கொண்டது. உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டினார்கள். நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் சுமார் 21 சதுர கிலோமீட்டர். ஆள் நடமாட்டமும் விவசாயமும் அற்ற கட்டங்களை விட்டுவிட்டார்கள். மீதி 40 லட்சத்துக்கும் மேல்.

அளவுகோல் சண்டையை அவர்கள் தீர்த்த விதம் எளியது. எதையும் எதோடும் கூட்டவில்லை. ஒவ்வொரு ஆபத்துக்கும் கட்டங்களை வரிசைப்படுத்திப் பத்துப் பங்காகப் பிரித்தார்கள். மேலே உள்ள மூன்று பங்குகளில் வரும் கட்டம் 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்பட்டது. பிறகு ஆறு வரைபடங்களையும் அடுக்கி, ஒரு கட்டம் எத்தனை ஆபத்துகளில் மேலே வருகிறது என்று எண்ணினார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு மதிப்பெண்ணையும் தமிழ் மதிப்பெண்ணையும் கூட்டாமல், எத்தனை பாடத்தில் ஒரு மாணவன் முதல் வரிசையில் வருகிறான் என்று பார்ப்பது போன்ற முறை.

கிடைத்த எண்கள் வருமாறு. உலக நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு ஆபத்திலாவது அதிக அளவுக்கு ஆட்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் 340 கோடிப் பேர், அதாவது அன்றைய உலக மக்களில் பாதிக்கும் மேல். இரண்டு ஆபத்துகளில் மாட்டியவர்கள் சுமார் 79 கோடி. மூன்றும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் சுமார் 10.5 கோடி. தைவானில் நிலத்திலும் மக்கள்தொகையிலும் 73 சதவீதம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆபத்துகளின் கீழ் இருந்தது. உலகிலேயே அதிகம் ஆட்பட்ட இடம் அதுவாக இருக்கலாம் என்றது ஆய்வு.

இதற்கு அடுத்த படிதான் முக்கியமானது. ஆபத்து இருப்பதும் சாவு வருவதும் ஒன்றில்லை என்பதால், எம்-டாட் பட்டியலில் 1981 முதல் 2000 வரை பதிவான இழப்புகளை வைத்து உயிரிழப்புக்கு ஒரு வரைபடமும் பண இழப்புக்கு வேறு வரைபடங்களும் போட்டார்கள். இரண்டும் ஒன்றுபோல இல்லை. பண வரைபடத்தில் பணக்கார நாடுகள் பளிச்சென்று தெரிந்தன. உயிர் வரைபடத்தில் ஏழை நாடுகள் தெரிந்தன. வங்காளதேசம், நேபாளம், ஹைட்டி, மலாவி போன்ற நாடுகளில் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், இரண்டு அல்லது கூடுதல் ஆபத்துகளால் உயிருக்கு அச்சம் மிகுந்த பகுதிகளில் வாழ்வதாகத் தெரிந்தது. ஒரே தரவு, கேட்கும் கேள்வியைப் பொறுத்து வேறு வேறு நாடுகளைச் சுட்டியது.

பட்டியலில் இல்லாத ஆபத்து

ஆறு ஆபத்துகளின் பெயரையும் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் சுனாமி இல்லை.

ஆய்வு வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2004 டிசம்பர் 26 அன்று, இந்தியப் பெருங்கடல் சுனாமி சுமார் 2.3 லட்சம் பேரைக் கொன்றது. இந்தோனேசியா, இலங்கை, தாய்லாந்து, தமிழகத்தின் நாகப்பட்டினம் என்று எங்கும் பிணக்குவியல். இதற்காக அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. இருபது ஆண்டுத் தரவை வைத்துப் பார்ப்பவருக்கு, சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஆபத்து கண்ணில் படாது.

ஆனால் தடயமே இல்லாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே வந்த பூகம்பத்தில் ஒரு சிறிய சுனாமி எழுந்தது. நாகப்பட்டினம், சென்னை உட்படப் பல துறைமுகங்களின் அலைமானிகள் அதைப் பதிவு செய்திருந்தன. அந்தக் கோடுகளை வைத்து 2003இல் ஓர் ஆய்வுக்கட்டுரையும் வெளிவந்திருந்தது. பதிவு துறைமுக ஏட்டில் இருந்தது, ஆபத்து வரைபடத்துக்கு வந்து சேரவில்லை. 2004க்குப் பிறகு தாய்லாந்திலும் அச்சேயிலும் கடற்கரை மண்ணைத் தோண்டியவர்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த இதே போன்ற பேரலை விட்டுச்சென்ற மணல் அடுக்கைக் கண்டார்கள். மனிதர்கள் எழுதாததை மண் எழுதி வைத்திருந்தது.

ஹைட்டியின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அதன் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் 1751லும் 1770லும் பூகம்பத்தால் சிதைந்த ஊர். பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே பெரிய பூகம்பம் இல்லை. மக்கள் புயலுக்குப் பயந்து கனமான கான்கிரீட் கூரைகள் போட்டார்கள். 2010 ஜனவரி 12 அன்று பூகம்பம் வந்தபோது அந்தக் கூரைகளே எமனாயின. ஓர் ஆபத்துக்கான பாதுகாப்பு இன்னோர் ஆபத்துக்குப் பலியாக்கும் என்பது இரண்டு பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பூகம்பத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒற்றுமை இல்லை. அரசு சொன்னது 3 லட்சத்துக்கும் மேல். சில ஆய்வுகள் அதில் பாதிகூட இல்லை என்கின்றன.

மரணம் யார் பெயரில்?

பெரு நாட்டில் 1970 மே 31 அன்று பூகம்பம் வந்தது. ஹுவாஸ்கரான் மலையிலிருந்து பனியும் பாறையும் பெயர்ந்து வந்து யுங்காய் என்ற ஊரை அப்படியே புதைத்தன. மொத்தம் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். யுங்காய் மக்களைக் கொன்றது மலைச்சரிவு. பட்டியலில் எழுதப்பட்டதோ பூகம்பம்.

இப்படி எழுதி எழுதி நிலச்சரிவு ஒரு சின்ன ஆபத்து என்ற எண்ணம் உருவாகிவிட்டது. மழையில் சரிந்தால் புயல் கணக்கு, பூகம்பத்தில் சரிந்தால் பூகம்பக் கணக்கு. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெட்லி என்ற ஆய்வாளர் நிலச்சரிவுகளை மட்டும் தனியாக எண்ணினார். பூகம்பத்தால் வந்தவற்றை நீக்கிவிட்டு, 2004 முதல் 2010 வரை உயிர் குடித்த நிலச்சரிவுகள் 2,620. இறந்தவர்கள் 32,322 பேர் என்று 2012இல் வெளியிட்டார். உலகம் நினைத்திருந்ததைவிட இது பல மடங்கு அதிகம். பிந்தைய ஆண்டுகளில் எம்-டாட், முதன்மை ஆபத்தோடு 'உடன் வந்த ஆபத்து' என்று எழுதவும் இடம் வைத்தது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஆசியப் பேரிடர்க் குறைப்பு மையத்தின் யோசனைப்படி, ஒவ்வொரு பேரிடருக்கும் ஆபத்தின் வகை, ஆண்டு, வரிசை எண், நாடு அடங்கிய பொது அடையாள எண்ணும் 2000களில் வந்தது. பல பட்டியல்களில் இருக்கும் ஒரே நிகழ்வைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது.

பத்துப் பேருக்குக் குறைந்தால்

எம்-டாட் நிபந்தனைகளுக்குத் திரும்புவோம். ஒரு மலைக்கிராமத்தில் மண் சரிந்து ஒரு குடும்பத்தில் ஆறு பேர் இறந்தால், அது பெரும்பாலும் உலகப் பட்டியலுக்கு வராது. அடுத்த ஆண்டு அதே சரிவில் நான்கு பேர் இறந்தாலும் வராது. இருபது ஆண்டுகளில் அந்த மாவட்டம் இழந்ததைக் கூட்டினால் ஒரு பெரிய பேரிடருக்குச் சமமாகலாம். ஆனால் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும்.

இந்த வெள்ளை இடத்தை நிரப்ப லத்தீன் அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் தெசின்வென்டார் என்ற முறையை உருவாக்கினார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் அதில் கிடையாது. ஒரு வீடு இடிந்தாலும் எழுதலாம். உள்ளூர்ச் செய்தித்தாளும் அரசு அலுவலகக் குறிப்பும் ஆதாரம். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. இலங்கைக்கும், இந்தியாவில் ஒரிசா, தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கும் இந்த முறையில் தொகுப்புகள் உருவாயின. பெரிய பேரிடர்களில் உயிர்கள் மொத்தமாகப் போகின்றன என்றால், சிறியவற்றில் வீடும் பயிரும் சாலையும் சில்லறையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன என்பதை இத்தகைய தொகுப்புகள் காட்டின.

வெப்ப அலை இன்னும் மோசமான உதாரணம். எம்-டாட்டில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 1900க்குப் பிறகு பதிவான வெப்ப அலைகள் இரண்டே இரண்டு என்று 2020இல் ஹேரிங்டன், ஓட்டோ என்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஐரோப்பாவுக்கோ 1980க்குப் பிறகு மட்டும் 83 பதிவுகள், 1.4 லட்சம் மரணங்கள். ஆப்பிரிக்காவில் வெயில் இல்லை என்றா இதற்குப் பொருள்? வெயிலால் இறந்தவரை வெயிலால் இறந்தார் என்று எழுத ஆளும் அமைப்பும் இல்லை என்பதே பொருள். இதை மறந்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தால், நன்றாகக் கணக்கெழுதும் நாடு ஆபத்தான நாடாகவும், எழுதாத நாடு பாதுகாப்பான நாடாகவும் தெரியும்.

அடுக்குவதற்கும் இணைப்பதற்கும் உள்ள வேறுபாடு

ஆறு வரைபடங்களை அடுக்குவது ஒரு பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஓரிடத்தில் இரண்டு ஆபத்துகள் இருப்பது வேறு, ஒன்று இன்னொன்றை இழுத்துவருவது வேறு. பூகம்பம் மலையைத் தளர்த்துகிறது, அடுத்த மழை அதைச் சரிக்கிறது. எரிமலை சாம்பலைக் கொட்டுகிறது, அடுத்த புயல் அதைச் சேறாக்குகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜோயல் கில், புரூஸ் மாலமுட் இருவரும் 2014இல் 21 வகை இயற்கை ஆபத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே 90 தொடர்புகளை ஓர் அட்டவணையாகக் கொடுத்தார்கள். எது எதைத் தூண்டும், எது எதன் வாய்ப்பைக் கூட்டும் என்ற அட்டவணை அது.

அட்டவணையில் வராத சேர்க்கையும் உண்டு. 2021 ஆகஸ்ட் 14 அன்று ஹைட்டியின் தென்மேற்கில் 7.2 அளவில் பூகம்பம் வந்து 2,200க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டு நாள் கழித்து கிரேஸ் என்ற புயல் வந்தது. பூகம்பம் புயலை உண்டாக்கவில்லை. ஆனால் வீடிழந்தவர்கள் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கொட்டும் மழையில் கிடந்தார்கள். மீட்பு வேலையும் தடைப்பட்டது. இயற்கைக்குள் தொடர்பு இல்லாத இரண்டு நிகழ்வுகளும் மனிதனின் உடம்பில் வந்து சேர்ந்துகொண்டன. ஆபத்துகள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடம் பெரும்பாலும் மலையோ கடலோ கிடையாது. அது ஏழையின் வீடு.

பட்டியல் என்பது யாராவது நாள்தோறும் உட்கார்ந்து எழுதினால்தான் இருக்கும். 2025 மே மாதம் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனம், நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களைப் பற்றி 1980 முதலான நிகழ்வுகளுடன் வைத்திருந்த தரவுத்தளத்தை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. பிறகு அந்த வேலையை அரசுக்கு வெளியே ஓர் அமைப்பு கையிலெடுத்தது. பணக்கார நாட்டிலேயே ஒரு பட்டியல் இப்படி நின்றுபோகலாம் என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மாலட் காலத்தில் செய்தித்தாள் இல்லாத தீவுகள் வரைபடத்தில் வெள்ளையாக இருந்தன. இன்று செயற்கைக்கோள் ஒவ்வொரு புயலையும் பார்க்கிறது, பூகம்பமானிகள் ஒவ்வொரு அதிர்வையும் பிடிக்கின்றன. இயற்கையைப் பற்றிய பட்டியலில் வெள்ளை இடம் மிகவும் குறைந்துவிட்டது. மனிதர்களைப் பற்றிய பட்டியலில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. உலக ஆபத்து வரைபடம் எதையாவது பார்க்க நேர்ந்தால், சிவப்பாக இருக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு, வெளுத்திருக்கும் இடங்களில் யார் கணக்கெழுதுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அங்கே ஆபத்து இல்லாமல் இருக்கலாம். எழுத ஆள் இல்லாமலும் இருக்கலாம்.